சிடி டிரைவை விழுங்கிய பாட்டு சிடி

2005 கடைசி. அமெரிக்காவில் காசு கொடுத்து வாங்கிய அசல் பாட்டு சிடிதான். விண்டோஸ் எக்ஸ்பியில் கேட்க, அதிலேயே வரும் பிளேயரை நிறுவச் சொன்னது. அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு ரூட்கிட்டும், அதாவது கணினிக்குள் ஒளிந்துகொண்டு கோப்புகளை மறைக்கும் மென்பொருளும், உள்ளே வந்துவிட்டது. டாலர் குறி, எஸ்ஒய்எஸ், மறுபடி டாலர் குறி என்று பெயர் தொடங்கும் எந்தக் கோப்பும் கண்ணில் படாது. சோதிக்க நோட்பேட் நகல் ஒன்றுக்கு அப்படிப் பெயர் வைத்தேன், உடனே மாயம். திருட்டு எம்பி3 இறக்கியவனுக்கு இந்தத் தொல்லையே இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

விண்டோஸ் நிபுணர் மார்க் ருசினோவிச் இந்த ரூட்கிட்டைப் பற்றி அக்டோபர் 31 அன்று தன் வலைப்பதிவில் எழுதியதை வைத்துத்தான் அதைக் கழற்றினேன். அதன் டிரைவர்களை (விண்டோஸுக்குள் அடி மட்டத்தில் ஓடும் நிரல்களை) நிறுத்தி, கோப்புகளை அழித்து ரீஸ்டார்ட் செய்தால் மை கம்ப்யூட்டரில் சிடி டிரைவே இல்லை! அவருக்கும் அப்படித்தான் ஆகியிருந்தது. அழித்த டிரைவரின் பெயர் ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் இடத்தில், ஃபில்டராக (சிடி டிரைவுக்குப் போகும் வழியில் குறுக்கே நிற்கும் டிரைவராக) இன்னும் உட்கார்ந்திருந்தது. அட்மினிஸ்ட்ரேட்டராக இருந்தும் எடுக்க விடவில்லை. பிஎஸ்எக்ஸெக் என்ற கருவி மூலம், ரெஜிஸ்ட்ரியைத் திருத்தும் ரெஜ்எடிட்டை விண்டோஸின் சொந்தக் கணக்கான லோக்கல் சிஸ்டத்தில் திறந்து, சிடி டிரைவின் லோயர் ஃபில்டர்ஸ், டிரைவ்களை இணைக்கும் ஐடிஇ சேனலின் அப்பர் ஃபில்டர்ஸ் என்ற இரண்டு பட்டியல்களிலும் அந்தப் பெயர்களை நீக்கினேன். ரீஸ்டார்ட் செய்ததும் டிரைவ் வந்துவிட்டது.

அதற்கப்புறம் எந்தப் பாட்டு சிடியானாலும் ஆட்டோரன் (சிடியைப் போட்டதும் அதிலிருக்கும் நிரல் தானாக ஓடுவது) ஓடாமலிருக்க ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டேதான் போடுவது.