கெகோன் அருவிக்கு ஒரு நாள்: டோக்கியோவில் இருந்து முதல் முறை போகிறவர்களுக்கு

ஜப்பானில் அருவி பார்க்கலாம் என்று தேட ஆரம்பித்தால் பெயர்கள் வந்து குவியும். வாகயாமாவில் 133 மீட்டர் உயரத்தில் இருந்து விழும் நாச்சி, கடுங்குளிரில் உறைந்து நிற்கும் ஃபுகுரோதா, ஃபுஜி மலையின் ஊற்று நீர் பாறை இடுக்கெல்லாம் நூல் நூலாக வழியும் ஷிரைத்தோ. எல்லாமே போக வேண்டியவைதான். ஆனால் டோக்கியோவில் தங்கிக்கொண்டு ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டும் என்றால், நான் கை காட்டுவது நிக்கோ மலை மேல் இருக்கும் கெகோன் அருவியைத்தான். 97 மீட்டர் உயரம். ரயில், பஸ், லிஃப்ட் என்று மாறி மாறி ஏறினால் அருவியின் காலடிக்கே போய்விடலாம், மலையேற வேண்டாம். காரியத்தைக் கெடுப்பது ஒன்றுதான்: மூடுபனி. கீழே சொல்லும் பாதி விஷயம் அதற்காகத்தான்.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள், தேதியைத் தள்ளிப் போடுங்கள்

இலை சிவக்கும் அக்டோபர் நடுவில் இருந்து மாதக் கடைசி வரைதான் எல்லோரும் போவார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வார இறுதிகளில் மலைப்பாதையில் வண்டிகள் மணிக்கணக்கில் நகராது. எனக்குப் பிடித்தது மே மாதக் கடைசி. மரமெல்லாம் தளிர், கூட்டம் பாதி. ஜூன் மழையில் தண்ணீர் கூடும், மூடுபனியும் கூடவே கூடும். ஜனவரி, பிப்ரவரியில் போனால் பெரிய அருவியின் பக்கத்தில் கசியும் சின்ன அருவிகள் நீலம் பாய்ந்த பனிக்கட்டியாகி நிற்கும்.

தேதியை மட்டும் முந்தைய நாள் மாலை வானிலை பார்த்து முடிவு செய்யுங்கள். டோக்கியோவுக்கு அல்ல, அருவிக்குத் தண்ணீர் தரும் சூசென்ஜி ஏரிக்கு என்று பாருங்கள். ஏரி 1,269 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நகரத்தில் வெயில் கொளுத்தும்போது அங்கே மேகத்துக்குள் நிற்பீர்கள்.

படி 2: ரயில்

டோக்கியோவின் அசாகுசா நிலையத்தில் இருந்து தோபு என்ற ரயில் நிறுவனத்தின் சிறப்பு விரைவு ரயிலில் தோபு நிக்கோ நிலையத்துக்குச் சுமார் 2 மணி நேரம். சில ரயில்களில் வழியில் ஷிமோ இமாய்ச்சியில் மாற வேண்டியிருக்கும். பயணச் சீட்டு போக, விரைவு ரயிலுக்கென்று தனிச் சீட்டும் வாங்க வேண்டும். ஜேஆர் ரயில் நிறுவனத்தின் பயண பாஸ் கையில் இருந்தால் ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் உட்சுனோமியா வரை போய் நிக்கோ ரயிலுக்கு மாறுங்கள். தோபு, ஜேஆர் இரண்டின் நிக்கோ நிலையங்களும் பக்கத்தில்தான், நடந்தே போகலாம். எப்படிப் போனாலும் காலை ஏழு மணி வாக்கில் கிளம்பிவிடுங்கள். அருவி கிழக்கு பார்த்து விழுகிறது, காலை வெயில் நேராக அதன் மேல் படும். மதியத்துக்கு மேல் போனால் எதிர் வெளிச்சம்தான்.

தோபு விற்கும் நிக்கோ பாஸ்களில் ஒரு குழப்பம் உண்டு. கோயில் பகுதிக்கான பாஸ் அருவி வரை செல்லாது. 'ஆல் ஏரியா' என்று இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

படி 3: பஸ்

தோபு நிலையத்தின் வாசலிலேயே பஸ் நிற்கும். 'சூசென்ஜி ஆன்சென்' அல்லது 'யுமோத்தோ ஆன்சென்' என்று போட்டிருப்பதில் ஏறுங்கள், முக்கால் மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டும். பஸ்ஸில் கண்டக்டர் கிடையாது. ஏறும் இடத்தில் ஒரு பெட்டி எண் போட்ட துண்டுச் சீட்டை நீட்டும், அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநருக்கு மேலே உள்ள திரையில் உங்கள் எண்ணுக்குக் கீழே கட்டணம் ஏறிக்கொண்டே போகும். இறங்கும்போது சீட்டையும் சரியான சில்லறையையும் ஓட்டுநர் பக்கத்துப் பெட்டியில் போட வேண்டும். சில்லறை இல்லையென்றால் வண்டி நிற்கும்போது 1,000 யென் நோட்டை அங்கேயே மாற்றிக்கொள்ளலாம். சுய்கா என்ற முன்பணப் பயண அட்டை இருந்தால் ஏறும்போது ஒரு தட்டு, இறங்கும்போது ஒரு தட்டு, அவ்வளவுதான்.

வழியில் அகெச்சிதைரா என்று ஒரு நிறுத்தம் வரும். அங்கே இருந்து ரோப்வேயில் மேலே போனால் ஏரி, நன்தாய் மலை, அருவி மூன்றும் ஒரே பார்வையில் கிடைக்கும். இந்த ஏரி உண்டானதே அந்த நன்தாய் எரிமலைக் குழம்பு ஆற்றை மறித்ததால்தான் என்பது அங்கே நின்று பார்த்தால் சட்டென்று புரியும். பராமரிப்புக்காக ரோப்வேயை மூடி வைப்பதும் உண்டு, அன்று ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். ஓடினால் பஸ் மலையேறும்போதே அங்கே இறங்கிவிடுங்கள். 'திரும்பும்போது பார்த்துக்கலாம்' என்று விட்டால் போச்சு, கீழே இறங்கும் பாதையே வேறு.

படி 4: அருவி

சூசென்ஜி ஆன்சென் நிறுத்தத்தில் இருந்து ஐந்து நிமிட நடை. மேலே ஒரு பார்வைத் தளம் இருக்கிறது, இலவசம். முதலில் அங்கே போய் எட்டிப் பாருங்கள். அருவி தெரிந்தால் மட்டும் லிஃப்டுக்குச் சீட்டு வாங்குங்கள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் முறை போனபோது, கவுன்டரில் இருந்த அம்மா இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே பெருக்கல் குறி போல வைத்துக் காட்டினார். இன்று அருவி கண்ணுக்குத் தெரியாது என்று அர்த்தம். எனக்கு அது விளங்கவில்லை, பணத்தை நீட்டினேன். கீழே போனால் வெள்ளைத் துணி கட்டித் தொங்கவிட்ட மாதிரி மூடுபனி. அருவி எங்கோ இரைந்துகொண்டிருந்தது, ஒரு சொட்டுத் தண்ணீரைக் கூடக் கண்ணால் பார்க்கவில்லை.

தெளிவான நாளில் அதே லிஃப்ட் வேறு உலகம். பாறைக்குள் 100 மீட்டரை ஒரே நிமிடத்தில் இறங்கும். கதவு திறந்ததும் குளிர் முகத்தில் அறையும். சுரங்க வழியாக நடந்து வெளியே வந்தால், எதிரே ஏரித் தண்ணீர் மொத்தமும் ஒற்றைத் தூணாக இறங்கிக்கொண்டிருக்கும். அதை விட நான் அதிக நேரம் பார்த்தது பாறையின் நடு உயரத்தைத்தான். எரிமலைக் குழம்பு அடுக்குகளின் இடுக்கில் இருந்து, மேலே இருந்து விழாமல், பாறையே வியர்ப்பது போலப் பத்துப் பன்னிரண்டு சின்ன அருவிகள். கோடைத் தொடக்கத்தில் போனால் அந்தச் சாரலுக்குள்ளேயே தகைவிலான்கள் புகுந்து புகுந்து பறக்கும்.

குளிக்க முடியாது, பார்க்க மட்டும்தான். ஜாக்கெட் ஒன்று கையில் இருக்கட்டும்.

படி 5: நேரம் மிச்சமிருந்தால்

யுமோத்தோ பஸ்ஸில் ஏறி ரியூசு அருவியில் இறங்குங்கள். ரியூசு என்றால் டிராகனின் தலை. அருவி அடியில் ஒரு பாறையால் இரண்டாகப் பிரிகிறது, நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் பாறைதான் தலை. எதிரே டீக்கடை. சைவம் சாப்பிடுகிறவர்கள் மட்டும் சூப்பைப் பார்த்து வாங்குங்கள், பெரும்பாலும் மீன் சாறுதான் அடிப்படை. நிக்கோவின் யுபா, அதாவது சோயாப் பாலின் ஏடு, சைவமே. அது மிதக்கும் சாற்றுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

படி 6: திரும்புவது

மதியம் மூன்று மணிக்கே இறங்கும் பஸ்ஸைப் பிடித்துவிடுங்கள். வயிறு பிரட்டும் ஆசாமி என்றால் மாத்திரையை ஏறும் முன்னே போட்டுக்கொள்ளுங்கள். இந்த மலைப்பாதைக்கு இரோஹாசாகா என்று பெயர். ஏறும்போது 20, இறங்கும்போது 28, மொத்தம் 48 கொண்டை ஊசி வளைவுகள். 'இ, ரோ, ஹா' என்று தொடங்கும் பழைய ஜப்பானிய எழுத்து வரிசையில் வளைவுக்கு ஓர் எழுத்தாகப் பலகை நட்டிருக்கிறார்கள். கடைசிப் பலகையில் 'ன்' இருக்கும். அதற்கு அப்புறம் கண்ணை மூடித் தூங்கலாம்.