சிலுவை மரணம் நியாயமா என்று வாதாடும் முன்

"ஒருவன் செய்த பாவத்துக்கு இன்னொருவர் சாவது என்ன நியாயம்?" என்று கேட்கப் போகிறீர்களா? முதலில் எதிரே இருப்பவர் எந்தக் கோட்பாட்டை நம்புகிறார் என்று கேளுங்கள், ஏனென்றால் பாவநிவாரணத்துக்கு, அதாவது கிறிஸ்துவின் மரணம் மனிதரின் பாவத்தை எப்படிப் போக்குகிறது என்பதற்கு, கிறிஸ்தவத்தில் ஒரே ஒரு விளக்கம்தான் உண்டு என்று நினைத்துக்கொண்டு பேசினால் வாதம் பாதியிலேயே படுத்துவிடும்.

11ஆம் நூற்றாண்டின் இறுதியில் அன்செல்ம் என்ற இறையியலாளர் சொன்னது, மனிதன் கடவுளுக்குச் செலுத்தத் தவறிய மரியாதையைக் கிறிஸ்து ஈடுசெய்தார் என்பது. அதில் தண்டனை இல்லை. நமக்கான தண்டனையையே அவர் ஏற்றார் என்று அழுத்திச் சொன்னவர்கள் கால்வின் போன்ற புராட்டஸ்டண்ட் சீர்திருத்தவாதிகள். அபெலார்ட் என்ற இடைக்கால இறையியலாளரோ, சிலுவையில் தெரியும் அன்பு மனிதனை மாற்றுகிறது என்றார்.

உங்கள் கேள்வி உண்மையில் குத்துவது கால்வின் தரப்பைத்தான். அங்கே எசேக்கியேல் 18:20ஐ எடுங்கள்: தகப்பனின் அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என்று வேதமே சொல்கிறது. அவர்கள் உடனே, மற்றவர்களின் அக்கிரமங்களைச் சுமக்கும் ஊழியரைப் பற்றிப் பேசும் ஏசாயா 53ஐ நீட்டுவார்கள், தயாராக இருங்கள்.

அப்புறம், "அவர் மனமுவந்துதானே ஏற்றார்" என்பார்கள். இது வலுவான பதில், ஆனால் போதாது என்பது என் எண்ணம்: நிரபராதி சம்மதித்தாலும் அவரைத் தூக்கிலிடும் நீதிபதியை நாம் மெச்சமாட்டோமே. சரி, அதோடு ஜெயித்துவிட்டதாக நினைக்காதீர்கள். நண்பனின் அபராதத்தை நாம் கட்டினால் நீதிமன்றம் ஆட்சேபிப்பதில்லை, சிறைக்குப் போனால் மட்டும் ஏன் ஒப்பவில்லை என்று தத்துவவாதி டேவிட் லூயிஸ் 1997இல் கேட்டார், அவர் கிறிஸ்தவரும் அல்ல. இதற்குப் பதில் யோசித்து வைத்துக்கொண்டு பேச உட்காருங்கள்.