வாரம் ஐந்து நல்ல கட்டுரைகள்: தேடி, தேர்ந்து, பரிந்துரைப்பது எப்படி?

பண்பாடு, அறிவியல், சமூகம் பற்றி நண்பர்களுக்கு வாரம் ஐந்து கட்டுரைகள் அனுப்ப ஆசையா? இப்படித் தொடங்குங்கள்.

படி 1. தலைப்பை விட்டுவிட்டுக் கேள்வியை எழுதுங்கள். 'கூத்து' என்று தேடினால் குவியல்தான் வரும். 'சுற்றிலும் மக்கள் இருந்து பார்க்கும் வட்டக்களரியில் ஆடிய கூத்து, முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்கு வந்தபோது எதை இழந்தது?' என்று கேட்டால், 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கூத்தை மேடைக்குக் கொண்டுவரச் செய்த முயற்சிகளை நோக்கித் தேடல் தானாகவே திரும்பும்.

படி 2. பழைய ஈழத்து இதழ்களுக்கு 'நூலகம்' இணையத்தளம்தான் முதலிடம். 1966இல் தொடங்கிய 'மல்லிகை'யின் இதழ்களும் அங்கே உண்டு. பெரும்பாலானவை ஸ்கேன் செய்த படங்கள் என்பதால் கோப்புக்குள் சொல் தேடிப் பயனில்லை. இதழின் பக்கத்தில் தட்டச்சு செய்திருக்கும் உள்ளடக்கப் பட்டியலைப் பாருங்கள். பக்கத்திலேயே கோப்பின் அளவும் இருக்கும். டேட்டா குறைவென்றால் அதைப் பார்த்தபின் இறக்குங்கள்.

வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்துக்குப் போகிறவர்கள், படமெடுக்க அனுமதி கிடைத்தால் கட்டுரையோடு அட்டையையும் சேர்த்து எடுங்கள். அட்டையை விட்டுவிட்டால், வீட்டுக்கு வந்தபின் எந்த ஆண்டு இதழ் என்றே தெரியாது. ஆண்டு தெரியாத கட்டுரையைப் பரிந்துரைக்க முடியாது.

படி 3. அறிவியலுக்கு இரண்டு தடவை தேட வேண்டும். இலங்கையில் நம் பாடநூலில் பௌதிகவியல், ஒட்சிசன். தமிழகத்தில் இயற்பியல், ஆக்சிஜன். ஒரு சொல்லோடு நின்றால் பாதிக் கட்டுரைகள் கண்ணில் படாது. புதியவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான்.

படி 4. சலித்தெடுங்கள். 'ஆய்வுகள் கூறுகின்றன' என்றிருந்தால், எந்த ஆய்வு, எந்த ஆண்டு, யாரிடம் செய்தது என்று தேடுங்கள். மூன்றில் ஒன்றுகூட இல்லையென்றால் தயங்காமல் விலக்குங்கள், நடை எவ்வளவு அழகாக இருந்தாலும்.

படி 5. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரிக் குறிப்பு. 'அருமை, கட்டாயம் படியுங்கள்' என்பது வாசகருக்கு எதையும் சொல்லாது. மாதிரி: 'கூத்து ஏன் மூன்று மணி நேரமாகச் சுருங்கியது? கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரிடம் கேட்டு எழுதியது. 12 பக்கம், பெண்களின் பங்கு பற்றி ஒன்றுமில்லை.' குறையையும் சொன்னால்தான் அடுத்த பரிந்துரையை நம்புவார்கள்.

மேற்கோளைப் பிரதியெடுத்து ஒட்டும்போது ஆங்கில எழுத்துகள் சிதறி வந்தால் பதற வேண்டாம். மூலம் பெரும்பாலும் யுனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் இருக்கும். யுனிகோட் மாற்றியில் போட்டு எடுத்து, மூலத்தோடு ஒருமுறை ஒப்பிட்டபின் அனுப்புங்கள்.