ராஸில் மேப்: ஏழு வாரத்தில் முதல் பத்து நாளைக் கோட்டை விடாதீர்கள்

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ராஸ் பிசினஸ் ஸ்கூலில் முழுநேர எம்பிஏ படிக்கிறவர்களுக்கு முதலாண்டு மார்ச் மாதம் வகுப்புகள் நின்றுவிடும். அடுத்த ஏழு வாரம் நாலு முதல் ஆறு பேர் கொண்ட குழு, ஒரு நிறுவனம், அதன் நிஜமான பிரச்சினை ஒன்று, அவ்வளவுதான். இதுதான் மேப் (MAP, மல்டிடிசிப்ளினரி ஆக்‌ஷன் ப்ராஜெக்ட்ஸ்). 1992-லிருந்து நடக்கிறது. இந்த வருடம் போகப் போகிற தம்பி தங்கைகள் கேட்டுக்கொண்டே இருப்பதால், எங்கள் குழு கற்றதை எழுதுகிறேன்.

ப்ராஜெக்டுக்கு விருப்பம் கொடுக்கும்போது கம்பெனியின் பெயரில் மயங்காதீர்கள். கேள்வியைப் படியுங்கள். தரவு தருவார்களா, முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர் உங்களோடு பேசுவாரா என்று பாருங்கள். பெயர் ரெஸ்யூமேயில் ஒரு வரி. ஏழு வாரமும் உங்களோடு இருக்கப்போவது கேள்விதான்.

கேள்வி கிடைத்ததும் உடனே எக்செல் திறக்க வேண்டாம். எங்களுக்கு வந்தது ஒரு மருத்துவமனை. புறநோயாளிகள் ரொம்ப நேரம் காத்திருக்கிறார்கள், பதிவு கவுண்டரில் இன்னும் எத்தனை பேரைப் போடலாம் என்று கேட்டார்கள். கேள்விக்குள்ளேயே விடையையும் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள் என்பது உறைக்க எங்களுக்கு நாலு நாள் ஆனது.

ஐந்தாம் நாள் காலை ஏழரைக்கே கடிகாரமும் நோட்டுமாகப் போய் உட்கார்ந்தோம். ஒரு பாட்டியம்மாவுக்குக் கவுண்டரில் ஆனது ஆறு நிமிடம். பரிசோதனை அறைக்கு வெளியே முப்பத்து நாலு. எட்டிப் பார்த்தால் உள்ளே யாருமில்லை! அறையைச் சுத்தம் செய்து முடித்தாயிற்று. முடிந்தது என்று நர்ஸுக்குச் சொல்லத்தான் ஆளில்லை. கதவில் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் பச்சையாக ஓர் அட்டை தொங்கினால் போதும்; பச்சை தெரிந்தால் அறை தயார்.

அன்று மாலையே கேள்வியைத் திருத்தி ஒரே வாக்கியமாக எழுதி, நிறுவனத்தாரிடம் ஒப்புதல் வாங்கினோம். இந்த வேலையை இரண்டாம் வாரத்துக்கு மேல் தள்ளாதீர்கள்.

அடுத்தது, பெரிய அரசுப் பல்கலைக்கழகத்துக்குள் இருப்பதன் பலனை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள். ராஸின் நூலகச் சேவையான கிரெஸ்கியின் நூலகர்களிடம் போனால், நீங்கள் மூன்று நாள் தேடுவதை ஒரு மதியத்தில் எடுத்துத் தருவார்கள். தொழில்துறைப் பொறியியல் துறை வடக்கு வளாகத்தில் இருக்கிறது, பஸ் ஏறினால் போய்விடலாம். காத்திருக்கும் வரிசைகளைப் பற்றியே ஆராய்ச்சி செய்கிறவர் ஒருவர் அங்கே எங்கள் கணக்கைப் பார்த்து, சராசரியை விட்டுவிட்டு ஏற்ற இறக்கத்தைப் பாருங்கள் என்றார். அதன்பிறகுதான் எங்கள் மாடல் உருப்பட்டது.

குழுவுக்குள் யாருக்கு என்ன வேலை என்பதை முதல் நாளே பேசி முடியுங்கள். நிறுவனத்தாருக்கு வாரம் ஒரு போன் போடுங்கள். இறுதி நாளில் அவர்கள் எதையும் முதல்முறையாகக் கேட்கக் கூடாது.

கடைசி ஸ்லைடில் எந்த வேலையை யார், எந்தத் தேதிக்குள் செய்வார் என்று எழுதுங்கள். எங்களுடையதில் அட்டை மாட்டுவதற்கு நேராகக் காலை ஷிஃப்ட் நர்ஸ் ஒருவரின் பெயர் இருந்தது. அவரிடம் சம்மதம் கேட்ட பிறகுதான் எழுதினோம்.