பிடித்த பிரேக் விடவில்லை

எங்கள் பழைய டிராக்டரில் பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் இடது பின்சக்கரம் சுழல மறுத்தது. சக்கரத்தின் பிரேக் டிரம் தொட முடியாதபடி கொதித்தது. டிரம்மைக் கழற்றுவது பெரிய வேலை. அதற்கு முன் செய்யவேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது.

முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தினேன். ஆயில் அழுத்தத்தால் பிரேக் ஷூவை டிரம்மில் அழுத்தும் வீல் சிலிண்டரின் நிப்பிளை, அதாவது காற்றை வெளியேற்றும் திருகை, அரைச்சுற்று தளர்த்தியதும் கறுத்த பிரேக் ஆயில் பீய்ச்சியது. சக்கரம் கையாலேயே சுழன்றது. அசையாமல் இருந்திருந்தால் பிஸ்டனோ ஷூவோ துருப்பிடித்து இறுகியிருக்கும். இங்கே ஆயிலின் அழுத்தம்தான் திரும்ப வழியின்றி நின்றிருந்தது.

நிப்பிளை இறுக்கி, பெடலை மிதித்து, இம்முறை, மிதிக்கும்போது ஆயிலைச் சக்கரத்துக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் குழாய் சேரும் முனையைத் தளர்த்தினேன். அப்போதும் சக்கரம் விட்டது. ஆக, ஆயில் அதுவரை திரும்பி வருகிறது, இடையிலுள்ள ஹோஸில் அடைப்பில்லை. கோளாறு மாஸ்டர் சிலிண்டரில்.

பிரித்தபோது, ஆயில் தொட்டிக்குத் திரும்பும் ஊசிமுனைத் துளையைக் கசடு மூடியிருந்தது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். மாற்றாமல் விட்டால் உள்ளே துருவும் கசடும் சேரும். மெல்லிய செப்புக்கம்பியால் துளையைத் திறந்து, ரப்பர் கப்புகளை மாற்றி, தொட்டி மூடியில் குறித்திருந்த டாட் 3 (DOT 3) தர பிரேக் ஆயிலையே ஊற்றிக் காற்றை வெளியேற்றினேன். டீசலால் கழுவிவிடாதீர்கள், ரப்பர் உப்பிவிடும். பெடல் தண்டுக்குச் சற்று ஆட்டமும் விடுங்கள். இல்லாவிட்டால் பிஸ்டன் முழுதாகப் பின்வாங்காமல் அதே துளையை மறைத்துவிடும்.