ஏசி காப்பர் பைப்: மடியாமல், கசியாமல், வியர்க்காமல்

உள் யூனிட்டையும் வெளி யூனிட்டையும் இணைக்கும் காப்பர் பைப்பின் இரண்டு முனையிலும் இருக்கும் மூடியைக் கடைசி நிமிடம் வரை கழற்றாதீர்கள், உள்ளே போகும் ஈரமும் தூசியும் கம்ப்ரசருக்குத்தான் கேடு. சுருளைத் தரையில் உருட்டி விரியுங்கள். வளைவுகளுக்கு ஸ்பிரிங் அல்லது பெண்டர். மடிந்துபோன இடத்தை நிமிர்த்திப் பயனில்லை, வெட்டி எறிய வேண்டியதுதான்.

வெட்ட ஹாக்சா வேண்டாம், பைப் கட்டர்தான். வெட்டியதும் உள்விளிம்பில் பிசிறு நிற்கும், அதை ரீமரால் எடுக்கும்போது பைப்பின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்தால் செம்புத் தூள் உள்ளே விழாது. அப்புறம் நட்டை மாட்டிவிட்டு ஃபிளேர் செய்யுங்கள், அதாவது பைப்பின் வாயைப் புனல்போல் விரியுங்கள். (சிரிக்காதீர்கள், அழகாக ஃபிளேர் போட்டு நிமிர்ந்தால் நட் தரையில் கிடக்கும், எனக்கும் நடந்திருக்கிறது.) நட்டை முதலில் கையால் திருகி, பிறகு டார்க் ரெஞ்ச் (அளந்த பலத்தில் இறுக்கும் ஸ்பேனர்), கால் இன்ச்சுக்கும் அரை இன்ச்சுக்கும் ஒரே பலம் ஆகாது.

சரி, இன்சுலேஷன். வீட்டு ஸ்பிளிட் ஏசியில் பெரும்பாலும் குளிர்மம் (ஏசி கேஸ்) வெளி யூனிட்டிலேயே விரிவடைந்துவிடுவதால் தடித்த பைப் மட்டுமல்ல, மெல்லிய பைப்பும் சில்லென்றுதான் இருக்கும், அதனால் இரண்டுக்கும் தனித்தனி ஃபோம் குழாய் போடுங்கள். இணைப்புகளின் மேல் மட்டும் ஃபோம் போடாமல் விட்டு, நைட்ரஜன் அழுத்தம் ஏற்றி சோப்பு நுரையால் கசிவு பார்த்து, வேக்குவம் பம்ப்பால் 500 மைக்ரானுக்கு (வெற்றிடத்தின் அழுத்த அளவு) கீழே இறக்கிய பிறகே ஃபோமால் மூடுங்கள். வெளிச்சுவரில் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றினால் மழைநீர் ஓடு மேல் வழிவதுபோல் வழிந்துவிடும். இறுக்கிச் சுற்றாதீர்கள், நசுங்கிய ஃபோமில் பைப் வியர்க்கும்.