காற்று மாசும் மார்பகப் புற்றுநோயும்: எங்கே தவறாகப் புரிந்துகொள்கிறோம்?

புகை என்றதும் இருமல், நுரையீரல் என்றுதான் மனம் போகிறது. முதல் தவறு அதுதான். காற்றில் மிதக்கும் 2.5 மைக்ரான் நுண்துகள் தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. நுரையீரலின் ஆழம் வரை போய்விடும். அதிலும் மிகச் சிறியவை ரத்தத்தில் கலந்துவிடும்.

2023இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு பெண்களைச் சுமார் 20 ஆண்டுகள் பின்தொடர்ந்தது. அவர்களில் 15,870 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. ஒரு கன மீட்டர் காற்றில் நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடுதலாக இருந்த பகுதிகளில் ஆபத்து 8% அதிகம். குறிப்பாக, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைச் சார்ந்து வளரும் வகையில்தான் இந்தத் தொடர்பு தெரிந்தது.

இந்த 8 சதவீதத்தைப் பார்த்து 'நூறில் எட்டுப் பேருக்கு வரும்' என்று பதறிவிடாதீர்கள். ஆயிரம் பெண்களில் 50 பேருக்கு வரும் என்று வைத்துக்கொண்டால், அது 54 ஆகும், அவ்வளவுதான். ஆனால் காற்று எல்லோருக்கும் பொது. கோடிக்கணக்கானவர்கள் சுவாசிக்கும்போது அந்த நான்கு பேர் பெரிய கூட்டமாகிவிடுவார்கள். அதனால் அலட்சியமும் கூடாது.

அடுத்த தவறு, இன்றைய காற்றுத் தரத்தை மட்டும் போனில் பார்த்துவிட்டுத் திருப்திப்படுவது. அந்த ஆய்வு கணக்கில் எடுத்தது, பெண்கள் ஆய்வில் சேர்வதற்கு 10–15 ஆண்டுகளுக்கு முந்தைய காற்றை. ஒரு நாள் புகையைவிட, வருடக்கணக்கில் சுவாசிப்பதுதான் கணக்கு. ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியாவின் வரம்பு 40. 'வரம்புக்குள்தான் இருக்கிறது' என்ற செய்தியை வாசிக்கும்போது எந்த வரம்பு என்று கேளுங்கள்.

மெயின் ரோட்டோரம் இருக்கும் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியைத் துடைத்தால் துணி கறுத்துவிடும். துடைத்துவிட்டால் சுத்தம் என்று நானும் நம்பியிருந்தேன். காற்றில் மிதக்கும், கண்ணுக்குத் தெரியாத துகள் துடைக்கும் துணியில் சிக்காது. துணி மாஸ்க்கும் அதைச் சரியாகத் தடுக்காது; முகத்தோடு பொருந்தும் என்95 தடுக்கும். குப்பையை எரிக்காதீர்கள், விறகடுப்புப் புகை வீட்டுக்குள் தங்காமல் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட என்னைக் கலங்கவைப்பது வேறு தவறு. மார்பில் கட்டி தட்டுப்பட்டும், "வலிக்கலையே" என்று என் பெரியம்மா ஆறு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. ஆரம்பத்தில் புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் வலிக்காது. கட்டி, காம்பில் ரத்தக் கசிவு, தோலில் சுருக்கம் என எது தெரிந்தாலும், நீங்கள் இருப்பது நகரமோ கிராமமோ, அந்த வாரமே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.